விறாந்தையில் கிடந்த விதைநெல்

கேள்வி: எனக்கு 29 வயது. அறிவியல் நகர்ப் பல்கலைக்கழக வளாகத்தில் விவசாயம் படித்துவிட்டு, கிளிநொச்சிப் பக்கம் ஒரு விதை ஆய்வுகூடத்தில் முளைதிறன் பார்க்கும் வேலை செய்கிறேன். வீட்டில் இதற்கு மதிப்பே இல்லை. வருகிறவர்களிடம் அப்பா, "பிள்ளை லாப்பில நெல்லு எண்ணுறா" என்று சொல்லிச் சிரிப்பார். ஓ.எல். பரீட்சையோடு படிப்பை நிறுத்திய அண்ணாவிடம்தான் வயல் விசயமெல்லாம் பேசுவார். போன காலபோகத்தில், அதுதான் மாரிமழை விதைப்பில், விறாந்தையில் அடுக்கியிருந்த வீட்டு விதைநெல் சரியாக முளைக்காமல் இரண்டு ஏக்கரில் திரும்ப விதைத்தார். அந்தக் கவலையில் இருந்தவரிடம் என் மனக்குறையைச் சொல்லவும் முடியவில்லை. பேசாமல் வங்கி வேலைக்கு விண்ணப்பிக்கவா?

பதில்: "வீட்டில் மதிப்பில்லை" என்று எனக்குக் கடிதம் வராத மாதமில்லை. ஆறுதல் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அதை விடுவோம். விறாந்தையில் இருந்த அந்த மூட்டைகளைப் பற்றிப் பேசுவோம், பிள்ளை.

மாசி, பங்குனியில் வெட்டிய நெல்லென்றால் புரட்டாதி வரைக்கும் அங்கேதான் கிடந்திருக்கும். அதைத் தாண்டித்தானே தினமும் வேலைக்குப் போனீர்? ஊரார் நெல்லுக்கெல்லாம் முளைதிறன் சொல்கிற உமக்கு, வீட்டு மூட்டையில் ஒரு பிடி அள்ளிப் பார்க்கத் தோன்றவில்லை. அப்பா கேட்கவில்லை என்பீர். பெற்ற தகப்பன் மகளிடம் படிவம் நிரப்பித் தர வேண்டுமா?

இரண்டு ஏக்கர் திரும்ப விதைப்பதென்றால், ஏக்கருக்கு இரண்டு புசல் என்று பார்த்தாலும் நாலு புசல் விதைநெல். அதற்கு மேல் உழவுக் கூலி, பிந்திப்போன பயிர். புழுதி விதைப்பு என்றால் முதல் மழையும் வீண். இவ்வளவு நட்டமும் உம்முடைய கடிதத்தில் எப்படி வருகிறது? உம்முடைய மனக்குறையைச் சொல்ல விடாத இடைஞ்சலாக! இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வேலை சின்ன வேலையல்ல, எனக்குத் தெரியும். நூறு நூறாக நாலு தரம், மொத்தம் 400 நெல்மணி. ஈரக் கடதாசியில் வைத்து 5ஆம் நாள் ஒருமுறை, 14ஆம் நாள் கடைசியாக எண்ண வேண்டும். நாலு நூறும் அளவுக்கு மிஞ்சி வேறுபட்டால் முதலிலிருந்து. வெள்ளை முனை தெரிந்ததுமே அண்ணா "முளைச்சிட்டுது" என்பார். தண்டு வந்து வேர் வராததை, வேர் விட்டுத் தண்டு சுருண்டதை நீர் ஒவ்வொன்றாகப் பிரித்துத் தனியே வைப்பீர், அவை வயலில் பயிராகாது என்பதால். அப்படி ஒரு முளையை என்றைக்காவது அப்பாவின் உள்ளங்கையில் வைத்துக் காட்டினீரா? காட்டாத வேலையை அவர் எண்ணுகிற வேலை என்றுதான் சொல்லுவார்.

படித்த பிள்ளையின் படிப்பில் முதல் பங்கு வீட்டு வயலுக்கு, சம்பளமெல்லாம் அதற்குப் பிறகு என்று நினைக்கிற ஆள் நான். பழைய கதை என்று நீர் சொன்னாலும் பரவாயில்லை. வீட்டு விதையை விடமாட்டேன் என்கிற அப்பாவையும் பிடிவாதக்காரர் என்று நினைக்காதேயும். 2009இல் போர் முடிந்த பிறகு மீளக்குடியேறி, விதைநெல்லுக்கும் நிவாரணத்தைப் பார்த்து நின்ற சனம் வன்னிச் சனம். சொந்த நெல் வீட்டில் இருப்பது அவருக்குப் பெரிய விசயம்.

சரி, இனிச் செய்யவேண்டியது. ஆவணியிலேயே ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என்று நெல் எடுத்துக் கலந்து 400 மணி எண்ணும். அலுவலகத்தில் வைக்க அனுமதி இல்லாவிட்டால் வீட்டில் ஈரச் சாக்கு போதும். ஆனால் மூட்டையை அவிழ்க்கும்போதும், முளை எண்ணும்போதும் அப்பா பக்கத்தில் இருக்கவேண்டும். சிறுபோகத்தில் புதிதாக வெட்டிய நெல்லென்றால் முளைக்காததையெல்லாம் செத்ததாக எழுதிவிடாதேயும். அது உயிரிருந்தும் முளைக்காத உறங்குநிலையில் இருக்கலாம், சில கிழமை விட்டுத் திரும்பப் பாரும். உறங்கும் விதை எது, செத்த விதை எது என்று அண்ணாவால் சொல்ல முடியாது, உம்மால் முடியும்.

எண் மோசமாக வந்தால் மோசம் என்றே சொல்லும், விதைப்புக்கு முன்பே. கத்துவார். "உனக்கென்ன தெரியும்" என்றும் கேட்பார். அப்போது முகத்தைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போகாமல், முளைக்காத மணிகளை எடுத்து நசுக்கி, உள்ளே செத்துப்போனதைக் காட்டும்.

வங்கி விண்ணப்பத்தை அடுத்த விதைப்பு முடிந்த பிறகு எழுதும். அப்போதும் போக மனமிருந்தால் போம், நான் மறிக்கமாட்டேன்.