மனச்சிதைவு நோய்க்கு அம்மா வளர்த்த விதம்தான் காரணமா?

இல்லவே இல்லை. தம்பிக்கு மனச்சிதைவு வந்ததற்குச் சொந்தக்காரர்கள் அம்மாவைக் குறை சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு வெந்துபோனவள் என்பதால் எழுதுகிறேன்.

தக்கலை பக்கம் எங்கள் ஊர். அண்ணன் காலேஜில் படிக்கும்போது ஆரம்பித்தது. யாரோ தன்னைப் பற்றிப் பேசுவது காதில் விழுகிறது என்பான், சோற்றில் விஷம் கலந்திருக்கிறது என்பான். பெரியம்மை செய்வினை என்றாள், மாமா ஜெபத்துக்குக் கூட்டிப் போனார், எதற்கும் குறையவில்லை என்றதும் எல்லோரும் சேர்ந்து அம்மையைப் பிடித்துக்கொண்டார்கள். செல்லம் கொடுத்துக் கெடுத்தாள் என்று பாதிப் பேர், கண்டிப்பாக வளர்த்துக் கெடுத்தாள் என்று மீதிப் பேர்.

ஒரு காலத்தில் டாக்டர்களே இப்படித்தான் பேசினார்கள். 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம் ரைக்மன் என்ற மனநல மருத்துவர் தாயின் போக்கைக் காரணமாக எழுதினார். ஆனால் 1966இல் வெளிவந்த ஹெஸ்டன் என்ற மனநல மருத்துவரின் ஆய்வில், நோயுள்ள தாய்க்குப் பிறந்து, பிறந்த உடனேயே பிரிக்கப்பட்டு வேறு இடத்தில் வளர்ந்த 47 பேரில் 5 பேருக்கு இந்த நோய் வந்திருந்தது. நோயில்லாத தாய்மாருக்குப் பிறந்து அதேபோல் வளர்ந்த 50 பேரில் ஒருவருக்கும் இல்லை. 2022இல் வந்த பெரிய மரபணு ஆய்வு, மனிதரின் மரபணுத் தொகுதியில் நோயோடு தொடர்புள்ள 287 இடங்களைக் காட்டியது, ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. வளரும் வயதில் மூளை தேவையில்லாத நரம்பிணைப்புகளைக் கழித்துவிடும். சி4 என்ற மரபணுவின் சில வகைகள் அதை அளவுக்கு மீறிச் செய்ய வைக்கலாம் என்று 2016இல் சொன்னார்கள். காலேஜ் வயதில் நோய் தலைகாட்டுவது ஏன் என்று எனக்குப் பிடி கிடைத்தது அதைப் படித்தபோதுதான்.

'அப்படியானால் எல்லாம் பரம்பரை என்கிறாயா' என்று சண்டைக்கு வராதீர்கள். ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வராமல் போவதும் சகஜம். கஞ்சா ஆபத்தைக் கூட்டும். வீட்டில் ஓயாமல் ஏச்சும் பேச்சுமாக இருந்தால், குறைந்த நோய் திரும்புவதும் உண்டு, நான் மறுக்கவில்லை. நோயைக் கிளப்புவது வேறு, உண்டாக்குவது வேறு. நான் டாக்டர் இல்லை, மருந்து விஷயத்தை உங்கள் டாக்டரிடமே கேளுங்கள்.

அப்புறம் இந்த மருந்துக் கடைக்காரர்கள். சீட்டை வாங்கி, கடை நிறைய ஆள் நிற்கும்போது, "இது மண்டைக்கு உள்ள மாத்திரையல்லவா, யாருக்கு?" என்று சத்தமாகக் கேட்கிறார்கள். சர்க்கரை மாத்திரை வாங்குகிறவரிடம் இப்படிக் கேட்பார்களா? அம்மை இப்போது பக்கத்துக் கடையை விட்டுவிட்டு, பஸ் ஏறி நாகர்கோவில் போய் வாங்கி வருகிறாள்.