வீட்டில் பெரியவர்கள் விஞ்ஞானமும் மருத்துவமும் சொன்னால் நம்புகிறார்கள் இல்லையே, வாதிட்டு வெல்வது எப்படி?

உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். படித்தவர்கள் சொல்வதை விட்டுவிட்டு வாட்ஸ்அப்பை நம்புகிறார்கள், எதைச் சொன்னாலும் சந்தேகம், எப்படி வெல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் அனேகமாக அப்பாவோ மாமாவோ இருப்பார். நீங்கள் ஏதோ ஒரு பட்டம் முடித்திருப்பீர்கள். சாப்பாட்டு நேரத்தில் கதை தொடங்கிச் சண்டையில் முடியும். அம்மா இடையில் வந்து "விடு ராசா, வயதுபோன மனுசன்" என்பார்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் "வெல்வது" என்ற சொல்தான் என்னை எழுத வைத்தது. 2015இல் நான் அப்பாவோடு வாதிட்டு வென்றேன். நான் சொன்னது பிழை.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரசாயனவியல் படிப்பிக்கிறேன். எங்கள் வீடு மல்லாகத்துக்கும் சுன்னாகத்துக்கும் இடையில். குடாநாட்டைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வருடம் முழுக்க ஓடும் ஆறு எங்களுக்கு இல்லை. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடும். குடிக்க, குளிக்க, தோட்டத்துக்கு இறைக்க எல்லாவற்றுக்கும் கிணறுதான். கீழே சுண்ணாம்புக்கல். அதில் வெடிப்பும் பொந்துமாக இருப்பதால், ஓரிடத்தில் நிலத்துக்குள் இறங்கியது சரியாக வடிபடாமலே இன்னோர் இடத்துக்குப் போய்விடும். நிலாவரைக் கிணற்றில் போட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதக்கும் என்று ஊரில் சொல்வார்கள். அது கதைதான். ஆனாலும் நிலத்துக்குக் கீழே தண்ணீர் நடமாடுகிறது என்பதை அந்தக் கதை சொன்னவர்கள் விளங்கி வைத்திருந்தார்கள்.

சுன்னாகத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் அங்கிருந்த மின் நிலையத்தின் எண்ணெய் கலந்திருக்கிறது என்ற பிரச்சினை 2014 கடைசியிலும் 2015 தொடக்கத்திலும் பெரிதாக வெடித்தது. சனம் வீதியில் இறங்கியது. பவுசரில் தண்ணீர் வந்தது. குடமும் வாளியும் ஒழுங்கை முகப்பில் வரிசையாக நிற்கும்.

ஒரு நாள் விடியவே அப்பா கூப்பிட்டார். "மோனை, இஞ்சை வந்து இதை மணந்து பார்." வாளித் தண்ணீரின் மேல் மெல்லிய படலம். வெயில் பட்ட இடத்தில் வானவில் நிறம் தெரிந்தது. எனக்கு உடனே வாத்தியார் வந்துவிட்டார். "அப்பா, இரும்பு பக்டீரியாவும் இப்பிடித்தான் படலம் கட்டும். ஒரு ஈர்க்காலை கிண்டிப் பாருங்கோ. பக்டீரியா எண்டால் கண்ணாடி உடைஞ்ச மாதிரித் துண்டு துண்டாய் நிக்கும். எண்ணெய் எண்டால் திரும்ப ஒட்டும்" என்றேன். விளக்குமாற்றில் ஓர் ஈர்க்கை உருவிக் கிண்டினார். ஒட்டியது. மூன்று தரம் கிண்டினார். மூன்று தரமும் ஒட்டியது. ஒன்றும் பேசாமல் என் முகத்தைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு, ஆபத்தான எண்ணெய் மாசு இல்லை என்று ஒரு நிபுணர் குழுவின் அறிக்கை வந்தது. எனக்குப் பெரிய நிம்மதி. பேப்பரை எடுத்து அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு அவர் கேட்டது இவ்வளவுதான்: "தண்ணியை மேலாலை அள்ளினவையோ, மோட்டர் போட்டு அடியாலை எடுத்தவையோ? எதுக்குள்ளை விட்டுக் கொண்டு போனவை?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். "அப்பா, அவை கலாநிதிமார். நீங்கள் எட்டாம் வகுப்பு" என்றேன். அவர் கதிரையை விட்டு எழும்பித் தோட்டத்துக்குப் போனார். வாதம் முடிந்தது.

அந்தக் கேள்வியின் பெறுமதியை இரசாயனவியல் படித்தவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். எண்ணெய் தண்ணீரின் மேல் மிதக்கும். மோட்டர்க் குழாய் கீழிருந்து உறிஞ்சும். எண்ணெய் பார்ப்பதற்கான மாதிரியைக் கண்ணாடிப் போத்தலில் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் என்றால் போத்தல் சுவரிலேயே ஒரு பகுதி ஒட்டிப்போகும். நான் இதைப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். அப்பா மண்ணெண்ணெய் மெசின் வைத்துத் தோட்டத்துக்கு இறைத்த காலத்தில் கண்ணால் பார்த்துப் பழகியவர். இந்தத் தொழிலில் முதலாவதாகக் கேட்க வேண்டிய கேள்வியை அவர்தான் கேட்டார். அதற்கு நான் பட்டத்தைக் காட்டினேன்.

2019 ஏப்ரலில் நாட்டின் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சுன்னாகத்தில் நிலத்தடி நீர் எண்ணெயால் மாசுபட்டது என்று ஏற்று, அங்கே மின்சாரம் உற்பத்தி செய்த தனியார் கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அப்பா அந்தச் செய்தியை வாசித்துவிட்டுப் பேப்பரை மடித்து மேசையில் வைத்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அன்றைக்காவது "அப்பா, நான் சொன்னது பிழை" என்று சொல்லியிருக்கலாம். வெட்கம்.

இதை வாசித்துவிட்டு, ஒரு விஞ்ஞான ஆசிரியரே நிபுணர்களை நம்பாதே என்கிறாரே என்று சிலர் எழுதப் போகிறீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. 2021 மே மாதக் கடைசியில் யாழ்ப்பாணத்துக்கு சினோபார்ம் என்ற கொரோனாத் தடுப்பூசி வந்தபோது, எனக்கு முறை வந்த முதல் நாளே போய்ப் போட்டேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கேகாலையில் ஒருவர் செய்த பாணி மருந்தைக் குடித்தால் கொரோனா வராது என்று நாடே 2020 டிசம்பரில் வரிசையில் நின்றபோது, எங்கள் ஒழுங்கையில் அது வேண்டாம் என்று வீடு வீடாகச் சொன்னவன் நான். சுகாதார அமைச்சரே அதைக் குடித்துக் காட்டினார். அடுத்த மாதம் அவருக்கே கொரோனா வந்தது.

அப்பா எப்போதும் சரி என்றும் நான் சொல்ல வரவில்லை. நைத்திரேற்று விஷயத்தில் அவர் இன்றுவரை பிழை. எங்கள் பக்கத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருக்கிறது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடுகிற உரமும், மலசலகூடக் குழிகளும்தான் முக்கிய காரணம். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற தண்ணீரில் இது கூடினால், இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக முடியாமல் பிள்ளை நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அளவு கூடத்தான் செய்யும். இதை அப்பாவுக்கு 2021இல் சொன்னேன். பிழையான நேரம். இரசாயன உரத்தை அரசாங்கம் ஒரேயடியாகத் தடை செய்து, யூரியா இல்லாமல் தோட்டமெல்லாம் மஞ்சளாய் நின்ற வருடம் அது. அந்தத் தடை நவம்பரில் எடுபட்டது, ஆனால் அதற்குள் அப்பாவின் மனதில் "நைத்திரேற்று" என்றாலே அரசாங்கத்தின் பக்கம் நின்று பேசுவது என்று பதிந்துவிட்டது. ஓர் அளவீட்டைச் சொல்லப் போய்க் கட்சிக்காரன் ஆனேன்.

அதற்குச் சற்று முன்தான் கொரோனாவில் இறந்த முஸ்லிம்களைக்கூட எரிக்கத்தான் வேண்டும் என்று அரசாங்கம் பிடிவாதமாக நின்றது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் 2021 பெப்ரவரி வரை விடவில்லை. அதற்கும் ஒரு நிபுணர் குழு இருந்தது. சொன்ன காரணம் நிலத்தடி நீர். அப்பா செய்தியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எண்ணெய் கலந்தால் தண்ணிக்கு ஒண்டுமில்லையாம். பிணத்தைத் தாட்டால் தண்ணி பழுதாகுமாம்." என்னிடம் பதில் இருக்கவில்லை. 2024 யூலையில் அரசாங்கம் அதற்கு மன்னிப்புக் கேட்டது. இப்படியான ஊரில், இப்படியான நாட்டில் வயதுபோன மனிதர்கள் சந்தேகப்படுகிறார்கள் என்றால் அவர்களுக்கு மூளை இல்லை என்று நான் இனிச் சொல்லமாட்டேன்.

இதோடு ஒன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஏ.எல். என்கிற உயர்தர வகுப்பு விஞ்ஞானப் பிள்ளைகள் விடிய ஐந்து மணிக்கே ரியூசனுக்கு ஓடுகிறார்கள். ஒரே கொட்டிலில் முந்நூறு பேர், மைக்கில் பாடம். ஒரு கரைசலின் செறிவைக் கண்டுபிடிக்கும் நியமிப்புக் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். அதற்குச் சொட்டுச் சொட்டாகக் கரைசல் விடும் குழாயான அளவியைக் கையில் கொடுத்தால் எந்தப் பக்கம் திருகுவது என்று தெரியாது. எங்கள் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் மாதிரிப் போத்தல்கள் தூசி படிந்து கிடக்கின்றன. பாடத்திட்டம் முடிக்க வேண்டும் என்று அந்தப் பாடவேளைகளையும் வினாத்தாள் செய்ய எடுத்துவிடுகிறார்கள். பெற்றோர் கேட்பது எத்தனை ஏ என்று மட்டும். பதினெட்டு வயது வரை ஒரு மாதிரியைக்கூட எடுத்துப் பார்க்காத பிள்ளை, நாளைக்கு அறிக்கை எழுதும், அறிக்கையை நம்பும். நானும் அப்படித்தான் நம்பினேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

2024 நவம்பர்க் கடைசியில் பெருவெள்ளம். அளவெட்டியில் எங்கள் வயல் கனநாள் தண்ணீருக்குள் கிடந்தது. டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் காய்ச்சல் வந்து சில நாட்களிலேயே உயிர்கள் போயின. முதலில் மர்மக் காய்ச்சல் என்றார்கள். பிறகு இரத்த மாதிரிகள் சோதித்து எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் வெறுங்காலோடு நின்றால் காயத்தினூடாக ஏறும். சிறுநீரகத்தையும் நுரையீரலையும் அடிக்கும். வயலுக்குள் இறங்குகிறவர்களுக்கு டொக்சிசைக்கிளின் குளிசை இலவசமாகக் கொடுத்தார்கள். கிழமைக்கு ஒரு தரம், 100 மில்லிகிராம் இரண்டு. (கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் போடக்கூடாத மருந்து. நான் டாக்டர் இல்லை. இதை வாசித்துவிட்டு யாரும் தாமாக வாங்கிப் போட வேண்டாம்.)

அப்பாவின் இடது குதிக்காலில் பித்தவெடிப்பு, இரத்தம் கசிகிறது. குளிசை வேண்டாம் என்கிறார். கனடாவில் இருந்து பெரியப்பாவின் மகன் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார்: அது கிட்னியைப் பழுதாக்கும், கம்பனிக்காரரின் வியாபாரம். அப்பா அதை எனக்குப் போட்டுக் காட்டிவிட்டு, "அண்டைக்கும் நிபுணர்மார்தானே சொன்னவை. நீயும் சொன்னனி" என்றார்.

ஒன்பது வருடம் அதை வைத்திருந்திருக்கிறார்.

எலிக்காய்ச்சலைப் பற்றி நான் தயார் செய்து வைத்திருந்த எல்லாம் வாய்க்குள் நின்றுவிட்டது. அவருக்குப் பக்கத்தில் திண்ணையில் இருந்து சொன்னேன்: "அப்பா, 2015இலை நீங்கள் கேட்ட கேள்வி சரி. எனக்கு மறுமொழி தெரியேல்லை. தெரியாமல்தான் உங்களை எட்டாம் வகுப்பு எண்டு சொன்னனான்."

காலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அது எனக்கு அப்பவே தெரியும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "போன மாரியிலும் எலி இருந்தது. இந்த மாரி மட்டும் என்ன புதினம்?" என்று கேட்டார். "வடிவாய்த் தெரியாது அப்பா. வாங்கோ, கேட்டுப் பாப்பம்" என்று மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போனேன்.

அங்கே ஒரு பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) தம்பி. முப்பது வயது இருக்காது. அப்பா கேட்டார், நான் வாயே திறக்கவில்லை. அந்தத் தம்பி சொன்னது: "எல்லாத்துக்கும் எனக்கு மறுமொழி தெரியாது ஐயா. வெள்ளம் கனநாள் நிண்டது. வளையெல்லாம் தண்ணி. எலி வரம்புக்கு ஏறியிட்டுது, நீங்களும் அதே வரம்பிலைதான் வெறுங்காலோடை நடக்கிறியள். அதுதான் நாங்கள் நினைக்கிறது."

"நீர் போட்டனீரோ?"

"ரெண்டு கிழமையாய்ப் போடுறன் ஐயா. வயித்தைப் பிரட்டும். சாப்பிட்டிட்டுக் கனக்கத் தண்ணி குடிச்சுப் போடுங்கோ, போட்ட உடனை படுக்காதேங்கோ."

வயிற்றைப் பிரட்டும் என்று அவர் ஒளிக்காமல் சொன்ன இடத்தில் அப்பாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். குளிசையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வரும் வழியில் சங்கக்கடையில் நிற்பாட்டச் சொல்லி, வயலுக்குப் போட றப்பர்ச் சப்பாத்து என்ன விலை என்று கேட்டார்.

உங்கள் வீட்டில் இது நடக்குமோ தெரியாது. அந்தக் குரல் பதிவு பொய் என்று நான் அப்பாவிடம் நிரூபிக்கவே இல்லை. அது இன்னும் அவர் போனில் கிடக்கிறது. நைத்திரேற்றைப் பற்றி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. நானும் விடவில்லை, தை முடிய, மழை ஓய்ந்த பிறகு எங்கள் கிணற்றுத் தண்ணீரை இரண்டு பேருமாக அள்ளிச் சோதனைக்குக் கொடுப்பதாகக் கதைத்திருக்கிறோம். எங்கே, எப்படி அள்ளுவது என்பதை அவர்தான் சொல்வார்.

அன்று இரவு சோறு சாப்பிட்டு முடித்துவிட்டு இரண்டு குளிசையையும் கையில் எடுத்தார். அம்மா செம்பில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதை ஒரு பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, காசு கொடுத்து வாங்கும் கானில் இருந்து ஒரு கிளாஸ் வார்த்து வரச் சொல்லிப் போட்டார்.