இரண்டு பாட்டிகளும் கூப்பிட ஒரு பெயர்

அரபு வீட்டுக்கும் ஆங்கிலம் பேசும் வீட்டுக்கும் பொருந்தும் பெண் குழந்தைப் பெயர்கள் குறித்து வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: கணவர் குடும்பம் ஜோர்டானில், என் குடும்பம் இங்கிலாந்தில். பெனலோப், வயலெட், லைலா மூன்றில் எதை வைக்கலாம்?

பதில்: தயங்காமல் லைலா. மற்ற இரண்டும் அழகுதான், ஆனால் உங்கள் மாமியாரின் வாயில் உருமாறிவிடும். ‘பம்பரம்’ என்று சொல்லிப் பாருங்கள். அதன் முதல் எழுத்தின் ஒலி அரபியில் கிடையாது. மூன்றாம் எழுத்தின் ஒலிதான் உண்டு. பெனலோப்பில் அந்த இல்லாத ஒலி இரண்டு முறை வருகிறது. ஆங்கில ‘வி’ ஒலியும் இல்லாததால் வயலெட் ‘ஃபயலெட்’ ஆவாள். இளையவர்கள் பழகிக்கொள்வார்கள். பாட்டியைப் பழகச் சொல்வது நியாயமில்லை.

கேள்வி: ஆயிஷா என்ற பெயரை ஆங்கிலேயர்கள் கெடுத்துவிடுவார்களா?

பதில்: தொடக்கத்தில் தொண்டையின் ஆழத்திலிருந்து வரும் ஒலியை விட்டுவிடுவார்கள். அது போனாலும் பெயர் நிற்கிறது, அதனால் கவலை வேண்டாம். முழுப் பெயரையும் தொண்டை ஒலியே தாங்கும்போதுதான் சிக்கல். ஒலி கச்சிதமாக இருந்தும் சில பெயர்கள் மாட்டிக்கொள்ளும். அபீர் என்றால் நறுமணம். ஆங்கிலக் காதுக்கோ யாரோ ஒரு பீர் கேட்பதுபோல இருக்கும். பள்ளிக்கூடம் அதைச் சும்மா விடாது.

கேள்வி: லைலாவை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

பதில்: பெயரைத் தேர்ந்தெடுப்பதைவிட இதற்குத்தான் அதிக நேரம் செலவிடுங்கள். எல்-க்குப் பின் ஏ-ஒய், ஏ-ஐ, இ-ஐ, இ-ஒய் என நான்கு விதமும் புழக்கத்தில் உள்ளன. இ-ஐ போட்டால் பலர் ‘லீலா’ என்று வாசிப்பார்கள், ஏ-ஒய் அந்தக் குழப்பத்தைக் குறைக்கும். அரபியில் ஒரே எழுத்துமுறைதான், ஆனால் அதை ஆங்கில எழுத்துக்கு மாற்ற எல்லோரும் பின்பற்றும் ஒரே விதி இல்லை. நீங்கள் பேசாமல் இருந்தால் பாஸ்போர்ட் விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்பவர் தன் பழக்கப்படி எழுதிவிடுவார். பிறகு ஒரே குழந்தைக்கு இரண்டு பாஸ்போர்ட்டில் இரண்டு பெயர். பிறப்புச் சான்றிதழை நீட்டி, ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

கேள்வி: இரு பக்கமும் ‘எங்கள் பெயர்’ என்று சொல்லும்படி ஏதாவது?

பதில்: நோரா, லீனா, நாதியா. நோரா ஐரோப்பாவில் ஹொனோரா, எலியனோரா போன்ற பெயர்களின் சுருக்கம். அரபுக் காதுக்கோ ஒளியைக் குறிக்கும் ‘நூர்’ கேட்கும். நாதியா ரஷ்யன் போன்ற ஸ்லாவிய மொழிகளில் நம்பிக்கை என்ற பொருளுள்ள பெயரின் சுருக்கம்; அரபியில் அழைப்பவள். உறவே இல்லாத இரண்டு பெயர்கள் ஒரே முகத்தோடு நிற்கின்றன. உறவினர்கள் சண்டையிட்டால் இருவர் சொல்வதும் சரியே.

கேள்வி: ஒரு வீடு கிறிஸ்தவம், ஒரு வீடு இஸ்லாம்.

பதில்: மர்யம். குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் அவர்தான், 19ஆம் அத்தியாயமே அவர் பெயரில் இருக்கிறது. ஆங்கில வீட்டில் அது மேரி.

கேள்வி: சாரா கிரேஸ் என்று நடுப்பெயர் சேர்க்கலாமா?

பதில்: சேர்க்கலாம், ஆனால் அரபு முறையில் சொந்தப் பெயருக்கு அடுத்து வருவது அப்பாவின் பெயர், அதற்கடுத்துத் தாத்தாவின் பெயர். கிரேஸ் என்பது அப்பாவோ என்று அலுவலகத்தில் யோசிக்க இடமுண்டு. அங்கே பதிவு செய்யும் எண்ணம் இருந்தால் நடுப்பெயரை விட்டுவிடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

கேள்வி: மாயா எல்லா நாட்டிலும் செல்லுமா?

பதில்: லெபனானில் சகஜம். ஆனால் சவூதி அரேபியாவில் பதிவு செய்ய முடியாதவை என்று 2014இல் செய்தித்தாள்களில் வந்த 50 பெயர்களின் பட்டியலில் மாயா, லிண்டா, ஆலிஸ் எல்லாம் இருந்தன. தந்தையின் நாட்டுத் தூதரகத்தில் கேட்டுவிட்டு, அதன்பின் தொட்டிலில் பெயரை எழுதுங்கள்.