சதுப்பை மேடாக்குகிறார்கள்: எங்கே முறையிடுவது, எத்தனை நாளுக்குள்?

கேள்வி: நீலகிரி மாவட்டம் உதகை வட்டத்தில், எங்கள் ஊருக்குக் கீழே ஊற்று நீரைத் தேக்கி வைக்கும் கருமண் சதுப்பு ஒன்று இருக்கிறது. நான்கு மாதங்களுக்கு முன் அதன் நடுவே பொக்லைன் வைத்து வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார்கள். இப்போது மண் கொட்டி மேடாக்குகிறார்கள். பட்டா நிலம் என்கிறார்கள். குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மூன்று முறை மனு கொடுத்தும் பதில் இல்லை. சதுப்பின் கீழ்முனையில் ஊராட்சி கட்டிய தடுப்பணை இருப்பதால் இது செயற்கை நீர்நிலை, சட்டத்தில் வராது என்று ஓர் அலுவலர் சொல்கிறார். ‘ஈரநில ஆணையத்தில் மேல்முறையீடு’ செய்து தருவதாக ஒருவர் பெருந்தொகை கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் விற்க வரும் மேல்முறையீடு சட்டத்தில் இல்லை. 2010ஆம் ஆண்டின் ஈரநில விதிகளில், ஆணையத்தின் முடிவால் பாதிக்கப்பட்டவர் 60 நாட்களுக்குள், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம் என்று தனி விதியே இருந்தது. அவற்றுக்குப் பதிலாக வந்த 2017ஆம் ஆண்டு விதிகளில் அந்த வழியை எடுத்துவிட்டார்கள். ஊர்மக்களுக்கு இருந்த ஒரு கதவை இப்படி மூடியதற்கு ஏற்கத்தக்க காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. கதவு மூடப்பட்டது பரவலாகத் தெரியாததால், அதைத் திறந்து தருவதாகச் சொல்லிப் பணம் வாங்குகிறவர்கள் மலை மாவட்டங்களில் பெருகியிருக்கிறார்கள். முத்திரையிட்ட ரசீதைக் காட்டி, “வழக்கு எண் விழுந்துவிட்டது” என்பார்கள். அது பெரும்பாலும் ஆட்சியர் அலுவலகத் தபால் பிரிவின் ரசீதாகவே இருக்கும். வழக்கு எண்ணைத் தீர்ப்பாயத்தின் இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கலாம்.

உங்களுக்கு உண்மையில் இருக்கும் வழி, தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010இன் 14ஆம் பிரிவின் கீழ் நேரடியாக மனு தாக்கல் செய்வது. அதற்கான காலவரம்பு, வழக்குக்கான காரணம் முதன்முதலாக எழுந்த நாளிலிருந்து ஆறு மாதங்கள். போதிய காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள் வரை தீர்ப்பாயம் அனுமதிக்கலாம், அதற்குப் பிறகு இல்லை. ‘முதன்முதலாக’ என்பதைக் கவனியுங்கள். வாய்க்கால் வெட்டிய நாளிலிருந்தே உங்கள் கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது. நீங்கள் கொடுத்த மூன்று மனுக்களும் அதை ஒரு நாள்கூட நிறுத்தி வைக்கவில்லை. பதில் வரட்டும் என்று காத்திருந்தே காலவரம்பைத் தவறவிட்ட ஊர்களைப் பார்த்திருக்கிறேன். மனுவுக்குப் பதில் சொல்லாமல் இருப்பதால் அலுவலகத்துக்கு எந்த இழப்பும் இல்லை, இழப்பு முழுவதும் மனுதாரருக்கே என்ற நிலையை நிர்வாகம் இத்தனை ஆண்டுகளாகச் சகித்துக்கொண்டிருப்பது கண்டிக்கத்தக்கது. நான்கு மாதங்கள் போய்விட்டன. எஞ்சிய இரண்டு மாதங்களுக்குள் தாக்கல் செய்தாக வேண்டும்.

தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னை சேப்பாக்கத்தில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதிடவும் சட்டம் இடம் தருகிறது. எனவே ‘தீர்ப்பாயக் கட்டணம்’ என்று யாராவது ஆயிரக்கணக்கில் பட்டியல் போட்டால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, தடுப்பணை. இந்த வாதத்தை எதிர்த்தரப்பு முதல் பதிலிலேயே எடுக்கும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். 2017ஆம் ஆண்டு விதிகளில் ஈரநிலம் என்பதன் வரையறையிலேயே கரிச்சதுப்பு (முழுதும் மட்காத தாவர எச்சங்கள் சேர்ந்து உருவான, உங்களுடையது போன்ற கருமண் சதுப்பு) பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டுள்ளது. அதே வரையறை ஆற்றின் போக்கு, நெல்வயல் ஆகியவற்றோடு, குடிநீருக்கென்றே மனிதர் கட்டிய நீர்நிலைகளையும், பாசனம், உப்பளம், மீன்வளர்ப்பு, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கென்றே கட்டிய அமைப்புகளையும் விலக்குகிறது. ‘அதற்கென்றே கட்டிய’ என்பதுதான் இங்கே தீர்மானிக்கும் சொல். இயற்கையாக உருவான சதுப்பிலிருந்து வழியும் நீரைப் பிடிக்கக் கீழே ஒரு சுவர் எழுப்பினால், விலக்கு கிடைப்பது அதிகபட்சம் அந்தச் சுவருக்கும் அது தேக்கும் நீருக்கும்தான். மேலே கிடக்கும் சதுப்பு கட்டப்பட்டதாகிவிடாது. உதகை அருகே சாண்டிநல்லாவில் எடுத்த கரிமண் படிவங்களை ஆராய்ந்து, சோலைக்காடும் புல்வெளியும் 20,000 ஆண்டுகளாக மாறி மாறிப் பரவியதை அறிவியலாளர்கள் 1993இல் வெளியிட்டார்கள். அவ்வகை மண்ணை ஓர் ஊராட்சித் தடுப்பணை உண்டாக்கியது என்று எந்த அலுவலரும் எழுத்தில் தரமாட்டார். எழுத்தில் கேளுங்கள்.

இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. அந்த விதிகளின் தடைகள் எல்லா ஈரநிலங்களுக்கும் தாமாகப் பொருந்துவதில்லை. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் உள்ளவற்றுக்கும், அரசு அறிவிக்கை செய்தவற்றுக்குமே பொருந்தும். நீலகிரியில் ராம்சார் தகுதி பெற்றது கோத்தகிரி அருகேயுள்ள லாங்வுட் சோலை. உங்கள் சதுப்பு அறிவிக்கை செய்யப்படாதது என்றால், ஈரநில விதிகளை மட்டும் நம்பி மனு எழுதாதீர்கள். சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம், 1986, நீர் மாசு தடுப்புச் சட்டம், 1974 ஆகியவற்றையும், தீர்ப்பாயச் சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்லும் முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் (கேடு உறுதியாக நிரூபணமாகும் வரை காத்திராமல் தடுக்க வேண்டும் என்பது) மையமாக வையுங்கள். மரப் பாதுகாப்புச் சட்டம், கட்டட அனுமதி மீறல் போன்றவற்றைத் தலைப்பில் போட்டால், இது எங்கள் அதிகாரத்தில் வராது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். மலைப்பகுதிக் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி இல்லாமல் கட்டுமானம் நடந்தால் அதற்குச் சென்னை உயர் நீதிமன்றத்தில் அரசமைப்பின் 226ஆம் உறுப்பின் கீழ் தனி மனு போடலாம். தீர்ப்பாயம் இருப்பதால் உயர் நீதிமன்றத்தின் அதிகாரம் குறையாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பட்டா பற்றிய கவலை வேண்டாம். பட்டா உரிமையைக் காட்டும். சுற்றுச்சூழலைச் சிதைக்க அனுமதி தராது.

இந்த வாரமே செய்ய வேண்டியவை: கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடு, அடங்கல், புல வரைபடம் ஆகியவற்றின் நகல்களைப் பெறுங்கள், பழைய பதிவில் சதுப்பு, ஓடை என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நீலகிரியில் பொக்லைன் போன்ற இயந்திரங்களைப் பயன்படுத்த மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை. அந்த அனுமதியின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலும், கேட்ட மனுவின் நகலே வழக்கில் பயன்படும். தேதியுடன் புகைப்படங்கள் எடுங்கள். கூகுள் எர்த்தில் கிடைக்கும் பழைய செயற்கைக்கோள் படங்களையும் சேருங்கள். கிராம சபைத் தீர்மானம் இருந்தால் நல்லது. ஆனால் அதற்காகத் தாக்கலைத் தள்ளிப்போடாதீர்கள்.

மனுவில் இடைக்கால நிவாரணமாக இரண்டைக் கட்டாயம் கேளுங்கள். மண் கொட்டுவதை நிறுத்துவது ஒன்று. வெட்டிய வாய்க்காலை அடைப்பது மற்றொன்று. பலர் முதலாவதை மட்டும் கேட்கிறார்கள். நீர் வடிந்த கரிமண்ணுக்குள் காற்று புகுந்ததும் அது மட்கி, சுருங்கி, தாழ்ந்துகொண்டே போகும். லாரி நின்றாலும் அந்தச் சிதைவு நிற்காது. வழக்கு முடிய ஓராண்டு ஆனால், காப்பாற்ற வேண்டிய மண்ணில் ஒரு பகுதி அதற்குள் போயிருக்கும். சதுப்பைப் பழைய நிலைக்கு மீட்டுத் தரக் கோருவதற்குத் தீர்ப்பாயச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் ஐந்தாண்டு அவகாசம் இருக்கிறது என்றாலும், அதையும் இதே மனுவில் சேர்த்துவிடுங்கள். சதுப்பை அறிவிக்கை செய்யும்படி மாநில ஈரநில ஆணையத்துக்கு ஒரு கடிதத்தைத் தபாலில் அனுப்பி, அது சேர்ந்ததற்கான சான்றை மனுவுடன் இணைப்பாகக் கொடுங்கள்.