பதில்: போட்டி முடிந்தபின் 12,000 இருக்கைகளை என்ன செய்வது?

கட்டடக்கலை இறுதியாண்டுக்கு நீச்சல் அரங்கம் வரைகிறீர்கள். போட்டி முடிந்தால் 12,000 இருக்கைகளும் காலியாகக் கிடக்குமே என்று உங்கள் வழிகாட்டி கேட்கிறார். நியாயமான கேள்விதான். லண்டன் 2012 நீச்சல் அரங்கத்தைப் பாருங்கள், ஸாஹா ஹதீத் வடிவமைத்தது. ஒலிம்பிக்கின்போது சுமார் 17,500 பேர் உட்காரலாம். அந்த இருக்கைகளில் பெரும்பகுதி, இருபக்கமும் தற்காலிகமாக ஒட்டவைத்த இறக்கை போன்ற பகுதிகளில்தான் இருந்தது (பார்க்கச் சகிக்காது, அது வேறு விஷயம்). பிறகு அவற்றைக் கழற்றிக் கண்ணாடிச் சுவர் வைத்தார்கள். 2014 மார்ச்சில் பொதுமக்களுக்குத் திறந்தபோது இருக்கைகள் சுமார் 2,500தான். அப்புறம், குளத்தின் தரையைக் கவனியுங்கள்: ஏற்றி இறக்கி ஆழத்தை மாற்றலாம், அதனால் குழந்தைகளும் அங்கேயே பழகலாம். நிரந்தர இருக்கையை 2,000க்குள் வைத்து, மற்றவற்றைக் கழற்றிய பிறகான வெட்டுத்தோற்றத்தையும் (கட்டடத்தை நெடுக வெட்டினால் உள்ளே தெரிவதைக் காட்டும் படம்) தனியாக வரைந்து காட்டுங்கள்.