7.8 கிலோமீட்டர்தானே?

அன்புள்ள சார்,

பிப்ரவரியில் நானும் தம்பியும் ஆஸ்திரேலியாவில், டாஸ்மேனியாவின் ஓவர்லேண்ட் டிராக் என்கிற பல நாள் மலைநடைப் பாதையில் நடக்கப் போகிறோம். இரண்டாம் நாள், வாட்டர்ஃபால் வேலி குடிலிலிருந்து வின்டர்மியர் குடிலுக்கு, வெறும் 7.8 கிலோமீட்டர். மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டு அங்கே என்ன செய்வது? அப்படியே பெலியன் குடில்வரை நடந்தால் ஒரு நாள் மிச்சமாகுமே, செய்யலாமா?

ஒரு வாசகர்

வணக்கம்.

முடியுமா என்றால் முடியும், அப்படி நடப்பவர்கள் இருக்கிறார்கள். நான் செய்யச் சொல்லமாட்டேன். வின்டர்மியரிலிருந்து பெலியனுக்கு 16.8 கிலோமீட்டர், ஆக மொத்தம் 24.6. அந்த 16.8 ஒன்றும் லேசுப்பட்டதல்ல: பெலியன் வெஸ்ட் மலையோரக் காட்டில் வேரும் சேறும், அப்புறம் ஃப்ராக் ஃப்ளாட்ஸ்வரை இறக்கம், அங்கே அட்டை வேறு, எல்லாம் முடிந்து கால் கெஞ்சுகிற நேரத்தில் மறுபடி ஏற்றம். போதாததற்கு, இரண்டாம் நாள் பையில் சாப்பாடு ஏறக்குறைய அப்படியே இருக்கும், முதல் நாள் மேரியன்ஸ் லுக்அவுட் ஏறிய தோள்வலியும் போயிருக்காது.

குட்டி நாளின் பெரிய வசதி, எப்போது கிளம்புவது என்பது உங்கள் கையில் இருப்பதுதான். அன்றைய வழி பெரும்பாலும் ஒதுங்க மரமில்லாத திறந்தவெளி. காற்றும் மழையும் சேர்ந்து அடித்தால் தூரம் குறைவு என்பதெல்லாம் எடுபடாது, பிப்ரவரி அங்கே கோடைதான், ஆனால் கோடையிலும் வெண்பனி விழுவதுண்டு. மூன்று மணி நேர நடைதான் என்பதால், மழை விடட்டும் என்று பதினொரு மணிவரைகூடக் குடிலிலேயே உட்கார்ந்திருக்கலாம். 24 கிலோமீட்டர் திட்டம் போட்டவருக்கு அது முடியாது, விடியும்போதே மழையில் இறங்கியாக வேண்டும்.

வானம் தெளிந்திருந்தால் பாதி வழியில் லேக் வில் ஏரிக்கு ஒரு கிளைப்பாதை பிரியும், போய்வர ஒரு மணி நேரம். எல்லோரும் பெரிய பையைப் பிரிவிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். அங்கேதான் கர்ரவாங் என்கிற பறவை காத்திருக்கும். காக்கை மாதிரி கறுப்பு, மஞ்சள் கண், அலகால் ஜிப்பைப் பிடித்து இழுத்துத் திறந்துவிடும். நம்பாமல் சிரிப்பவர்களின் பிஸ்கட்தான் முதலில் போகும்! ஜிப்புகள் அடியில் வருமாறு பையைக் கவிழ்த்து, மழையுறையை இறுக்கி மாட்டிவிட்டுப் போங்கள்.

மதியம் என்ன செய்வது என்கிறீர்கள். முதலில் படுக்க இடம் பிடிப்பது, குடிலில் முந்தி வந்தவருக்கே பலகை (அதனால்தான் எல்லோரும் கூடாரம் சுமக்க வேண்டும் என்கிறார்கள்). பிறகு ஷூவைக் கழற்றி, சாக்ஸைப் பிழிந்து காயப்போட்டு, சிவந்த குதிகாலில் கொப்புளம் கிளம்புவதற்குள் டேப் ஒட்டுவது. வின்டர்மியர் ஏரி குடிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, தைரியமிருந்தால் இறங்குங்கள், சில்லென்று மூச்சை நிறுத்திவிடும். சோப்பு மட்டும் வேண்டாம்.

ஒரு நாளை மிச்சம் பிடித்தே ஆகவேண்டுமென்றால் கடைசியில் பிடியுங்கள். பாதையின் கடைசிப் பகுதியில் வரும் நார்சிஸஸ் குடிலிலிருந்து செயின்ட் கிளேர் ஏரியில் படகு உண்டு, கரையோரமாக நடக்கும் 17.5 கிலோமீட்டர் மிச்சம். படகுக்கு முன்பதிவு வேண்டும், அதை இப்போதே செய்துவிடுங்கள்.