வேட்டை ரைபிளில் அயர்ன் சைட்: காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

கேள்வி: கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கிறேன். பிஏஎல் (துப்பாக்கி வைத்திருப்பதற்கான) உரிமம், வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் இரண்டும் கையில் இருக்கின்றன. வேலையிடத்து நண்பர்கள் தண்டர் பேக்கு வடக்கே மூஸ் (பெரிய மான் வகை) வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள். கடையில் .30-06 தோட்டா போடும் ரைபிள் இரண்டைக் காட்டினார்கள். ஒன்றின் குழல் மொட்டை, ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மட்டும்தான் பூட்ட முடியும். இன்னொன்றில் குழலின் மேலேயே அயர்ன் சைட் (கண்ணாடி இல்லாமல் குறிபார்க்கும் முன்சைட்டும் பின்சைட்டும்) இருக்கிறது, விலை சில நூறு டாலர் கூடுதல். "அயர்ன் சைட் இல்லாத ரைபிளோடு காட்டுக்குள் போகாதே" என்கிறார் எங்கள் குழுவின் மூத்தவர். கடைக்காரர் சிரிக்கிறார். யார் பேச்சைக் கேட்பது? அதைவிட வலுவான .300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவுக்கான ரைபிள் வாங்கினால் இன்னும் நல்லதா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். மேக்னம் வேண்டாம். 1906-இல் வந்த .30-06 இத்தனை ஆண்டுகளாக மூஸை வீழ்த்திக்கொண்டுதான் இருக்கிறது. 180 கிரெயின் எடையுள்ள நல்ல தோட்டா இருந்தால் போதும். மேக்னத்தின் உதை அதிகம், தோட்டா விலையும் அதிகம். உதைக்குப் பயந்து விசையை வெடுக்கென்று இழுக்கும் பழக்கம் புதியவர்களுக்குச் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும், போவதோ லேசில் போகாது.

இப்போது அயர்ன் சைட். உங்கள் மூத்தவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அது அவர் காலத்து நியாயம். அன்றைய ஸ்கோப்புக்குள் ஈரம் புகுந்து பனி மூடிக்கொள்ளும், ஓர் இடி பட்டால் குறி விலகிவிடும். இன்று நடுத்தர விலை ஸ்கோப்பே நைட்ரஜனோ ஆர்கானோ அடைத்து மூடிய குழாய்தான், உள்ளே ஆவி படிவது அபூர்வம். வெளிக்கண்ணாடியில் மழையும் பனியும் படியத்தான் செய்யும். அதற்கு மூடி இருக்கிறது, துணி இருக்கிறது.

அயர்ன் சைட்டின் குறையையும் சொல்ல வேண்டும். முன்சைட்டுக்கும் பின்சைட்டுக்கும் நடுவே அரை மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் நேர்ப்படுத்துவதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் 100 மீட்டரில் குண்டு 20 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். மூஸ் பெரிய விலங்கு. முன்காலுக்குப் பின்னே இதயமும் நுரையீரலும் இருக்கும் இடமும் பெரியது, அதனால் 80, 100 மீட்டருக்குள் பழகிய கை சமாளித்துவிடும். அதே ரைபிளோடு அடுத்த மாதம் மான் வேட்டைக்குப் போனால் அந்த 20 சென்டிமீட்டரில் மானைக் காயப்படுத்தி ஓடவிட்டிருப்பீர்கள். வெளிச்சம் இன்னொரு விஷயம். மூஸ் வெளியே வருவது பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும். சட்டம் அனுமதிக்கும் கடைசி நிமிடங்களில் கருப்புப் பின்சைட், கருப்பு மரங்கள், கருப்பு விலங்கு எல்லாம் ஒன்றாகிவிடும். நல்ல ஸ்கோப்பில் அப்போதும் கொம்பு எது, கிளை எது என்று தெரியும்.

ஆகவே உங்களுக்கு மொட்டைக் குழலே போதும். மிச்சமாகும் சில நூறு டாலரை நல்ல ஸ்கோப்புக்கும், அதைவிட முக்கியமாக அதைப் பிடித்திருக்கும் ரிங் என்ற வளையத்துக்கும் பேஸ் என்ற அடித்தட்டுக்கும் போடுங்கள். ஸ்கோப் பழுது என்று கடைக்கு வருவதில் பல, ஆராய்ந்து பார்த்தால், ரிங் திருகு தளர்ந்ததாகத்தான் இருக்கும். மீதியில் தோட்டா வாங்கிச் சுட்டுப் பழகுங்கள்.

கடையில் ரைபிளோடு ஸ்கோப்பையும் பூட்டி 'காம்போ' என்று தருவார்கள். ரைபிள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், விலையைக் குறைப்பது ஸ்கோப்பில்தான். கடையில் 'போர்சைட்' (சுடாமலே ஸ்கோப்பைக் குழலோடு நேர்ப்படுத்துவது) பண்ணிக் கொடுத்தோம் என்பார்கள். அப்படியென்றால் குண்டு அட்டையில் எங்காவது விழும் என்பதற்குமேல் பொருள் கிடையாது. நீங்கள் வேட்டைக்கு எடுத்துப் போகும் அதே தோட்டாவால் சுட்டுத்தான் குறி வைத்துக்கொள்ள வேண்டும்.

விசைப் பூட்டுக்கும் ஆரஞ்சு உடுப்புக்கும் இதே பட்ஜெட்டில் இடம் விடுங்கள். ஒன்டாரியோவில் மூஸ் துப்பாக்கி வேட்டைப் பருவத்தில் ஆரஞ்சு மேலாடையும் தொப்பியும் கட்டாயம். மூஸ் டேக் (மூஸைச் சுடுவதற்கான அனுமதிச் சீட்டு) 2021 முதல் புள்ளிக் கணக்கில்தான் கிடைக்கிறது என்பதையும் நண்பர்களிடம் பேசிக்கொள்ளுங்கள். ரைபிள் வாங்கிவிட்டு டேக் இல்லாமல் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

கேள்வி: கனடாவின் யூகானில், வைட்ஹார்ஸில் சமையல் வேலை. இங்கேயே நிரந்தரமாகிவிட்டேன். வேட்டை மூஸுக்குத்தான், ஆனால் கிரிஸ்லி கரடி நடமாடும் இடம். .375 போரில் (குழல் துளை அளவில்) ஒரே ரைபிள் வாங்கலாம் என்றிருக்கிறேன். எனக்கும் அயர்ன் சைட் வேண்டாமா?

பதில்: உங்களுக்கு வேண்டும். மேலே சொன்னதற்கு நேர்மாறாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். சுடும் தூரமும் நிலைமையும் வேறு.

ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 1912-இல் கொண்டுவந்த .375 மேக்னத்தை ஆப்பிரிக்காவின் பல நாடுகள் எருமை, யானை போன்ற ஆபத்தான விலங்குகளுக்குக் குறைந்தபட்ச அளவாக வைத்திருக்கின்றன. அந்த வகை ரைபிளில் அயர்ன் சைட் வழிவழியாக வருவதற்குக் காரணம் உண்டு. முதல் குண்டை ஸ்கோப் வழியாக நிதானமாகச் சுடுவார்கள். காயம்பட்ட எருமை புதருக்குள் போய்விட்டால் ஸ்கோப்பைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டுப் பின்தொடர்வார்கள். பத்துப் பதினைந்து மீட்டரில் அது திரும்பி வரும்போது, ஆறு மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப்பில் ரோமம் மட்டும்தான் தெரியும். எங்கே சுடுகிறோம் என்பது தெரியாது. ஆப்பிரிக்க ரைபிள்களின் பின்சைட் அகலமான ஆழமில்லாத 'வி'யாக, நடுவில் ஒரு வெள்ளைக் கோட்டோடு இருப்பது இதற்காகத்தான். கண் தேட வேண்டியதில்லை, முன்மணி (முன்சைட்டின் உருண்டை முனை) தானாக அதில் வந்து உட்காரும்.

உங்கள் ஊரில் கரடியிடமும் இதே சங்கதிதான். தவிர, தொலைவு. வேட்டை முகாம் ஊரிலிருந்து வெகு தூரம், படகிலோ சிறு விமானத்திலோ போவீர்கள். பாறையில் விழுந்து ஸ்கோப் உடைந்தால் மறுநாளே போய் இன்னொன்று வாங்க முடியாது. கனடாவின் வடக்கே ரோந்து போகும் கனேடியன் ரேஞ்சர்களுக்குப் பழைய லீ என்ஃபீல்டுக்குப் பதிலாகக் கொடுத்த சி19 ரைபிளைப் பாருங்கள். டிக்கா டி3எக்ஸ் அடிப்படையில் செய்தது, .308 போர், துருவக் கரடி உலவும் இடத்துக்கென்றே தேர்ந்தெடுத்தது. அதில் அயர்ன் சைட் வைத்துத்தான் வாங்கினார்கள்.

ஆனால் அயர்ன் சைட் 'இருக்கிறது' என்பதற்காகக் காசு கொடுத்துவிடாதீர்கள். கடையிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, ரைபிள் காலியா என்று இருவரும் பார்த்து, பாதுகாப்பான திசையில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுங்கள். ரைபிளைத் தோளில் ஏற்றிக் கன்னத்தைக் கட்டையில் (தோளில் பதியும் பின்பகுதியில்) பதியுங்கள். இப்போது கண்ணைத் திறந்தால் முன்மணி பின்சைட் பள்ளத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இன்றைய கட்டைகள் ஸ்கோப் உயரத்துக்கென்று மேல்விளிம்பு தூக்கி வார்த்தவை. அதில் கன்னம் வைத்தால் கண் மேலே நிற்கும், அயர்ன் சைட் கீழே எங்கோ கிடக்கும். கன்னத்தைக் கட்டையில் அழுத்தி நசுக்கினால்தான் தெரியும் என்றால், அந்தச் சைட் அலங்காரத்துக்குத்தான். .375 உதைக்கும்போது கன்னத்து எலும்பு பதில் சொல்லும். பிறகு ஸ்கோப் பூட்டிய ரைபிளிலும் இதையே செய்யுங்கள். இரண்டுக்கும் கன்னம் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் பதிய வேண்டும். அதற்கு ஸ்கோப்பைத் தாழ்ந்த ரிங்கில் பூட்டுவது உதவும். ஸ்கோப்புக்கு அடியில் ஓட்டை விட்டு 'இரண்டையும் பார்க்கலாம்' என்று விற்கும் உயர ரிங் மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் இரண்டுமே அரைகுறை.

அடுத்து, கழற்றும் விதம். சாதாரண ரிங்கை டார்க்ஸ் (நட்சத்திர முனை) சாவியால் கழற்ற வேண்டும். மைனஸ் 20-இல் கையுறையைக் கழற்றிக்கொண்டு, சாவி எந்தப் பையில் என்று தேடி, ஆறு திருகைத் திருகிக்கொண்டிருந்தால் அயர்ன் சைட் இருந்தும் பயனில்லை. நெம்புகோல் வைத்த கழற்றும் ரிங் வாங்குங்கள். வாங்கியபின் சுடுதளத்தில் மூன்று குண்டு சுட்டு, ஸ்கோப்பைக் கழற்றி மாட்டி மறுபடி மூன்று சுடுங்கள். இரண்டு குண்டுக் கூட்டமும் ஒரே இடத்தில் விழாவிட்டால் ரிங்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அயர்ன் சைட்டையும் சுட்டுப் பார்க்காமல் விடக் கூடாது. தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய சைட் உங்கள் தோட்டாவுக்கு 50 மீட்டரில் ஒரு சாண் மேலே சுடுவதும் உண்டு. குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின்சைட்டை நகர்த்த வேண்டும், முன்சைட்டானால் எதிர்ப்பக்கம். மேலே சுட்டால் இன்னும் உயரமான முன்சைட் வாங்கிப் போடுங்கள். வெள்ளை மணி பனியில் காணாமல் போய்விடும். பித்தளை மணியோ பச்சை ஃபைபரோ உங்கள் ஊருக்கு நல்லது. முன்சைட்டுக்கு மேல் கூண்டு போட்டிருந்தால் அதில் பனி அடைத்துக்கொள்கிறதா என்றும் கவனியுங்கள்.

ஸ்கோப்பை 1-4 அல்லது 1-6 மடங்குக்குள் எடுத்து, நடக்கும்போது 1-இலேயே வைத்திருங்கள். உதை பெரியதாகையால் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் ஒன்பது பத்து சென்டிமீட்டராவது இடைவெளி தரும் மாடலாக இருக்கட்டும். இல்லையென்றால் புருவத்தில் பிறை வடிவத் தழும்பு நிச்சயம்.

எந்த மாடல் என்றால், வின்செஸ்டர் மாடல் 70 வரிசையில் 'அலாஸ்கன்', ரூகர் ஹாக்ஐயில் 'கைடு கன்' இரண்டும் அயர்ன் சைட்டோடு வந்தவை. கைடு கன்னின் .375 ரூகர் தோட்டாவும் .375 எச் அண்ட் எச் தோட்டாவும் ஒன்றல்ல, மாறிப் போட முடியாது, வாங்கும்போது பெட்டியைப் படியுங்கள். இரண்டு ரைபிளிலும் மவுசர் பாணிக் கொக்கி தோட்டாவை முதலிலிருந்தே பிடித்துக்கொண்டு உள்ளே தள்ளும், அவசரத்தில் சிக்குவது குறைவு. கரடி ஸ்ப்ரேயையும் இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். மூஸை அறுத்துக்கொண்டிருக்கும்போது ரைபிள் எப்போதும் மரத்தில்தான் சாய்ந்திருக்கும்.

கேள்வி: அண்டை வீட்டுப் பெரியவர் .303 லீ என்ஃபீல்டு ஒன்றை மலிவாகத் தருகிறார். மரக்கட்டையை வெட்டிக் குறைத்தது. அயர்ன் சைட் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: மூஸுக்கு .303 தாராளம். குழல் முனையில் தட்டுப்பட்ட வடு இருக்கிறதா, உள்ளே வெளிச்சம் விட்டுப் பார்த்தால் துருப்பிடித்த குழி இருக்கிறதா என்று பாருங்கள். குழலையும் வெட்டியிருந்தால் முன்சைட் வேறொன்றாக இருக்கும், உயரம் பொருந்தாமல் குண்டு எங்கோ போகும். ஹெட்ஸ்பேஸை (அறையில் தோட்டாவுக்குப் பின்னே பூட்டு விடும் இடைவெளியை) ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் அளந்துகொள்ளாமல் சுடாதீர்கள். அக்கம்பக்க விற்பனைதானே என்று கையில் வாங்கிப் போய்விடவும் முடியாது. 2022 மே முதல், உங்கள் உரிமத்தைச் சரிபார்த்துத் துப்பாக்கிப் பதிவாளர் தரும் குறிப்பு எண்ணை விற்பவர் பெற்ற பிறகே கைமாற்ற வேண்டும். அவருக்கு இது தெரியாமல் இருக்கலாம், நீங்கள் சொல்லுங்கள்.

கேள்வி: வயது 54. பின்சைட் மங்கலாகத் தெரிகிறது. அயர்ன் சைட்டை மறந்துவிடவா?

பதில்: குழல் நடுவில் இருக்கும் 'வி' சைட்டை மறந்துவிடலாம். கண்ணருகே பொருத்தும் பீப் சைட்டைப் போட்டுப் பாருங்கள். வட்டத் துளை வழியாகப் பார்க்கும்போது துளையைக் கண் கவனிக்க வேண்டியதே இல்லை, முன்மணியும் இலக்கும் இரண்டும் தெளியும். சிறு துளை அட்டை இலக்குக்கு நல்லது, காட்டுக்குப் பெரிய துளை. ஸ்கோப் பேஸிலேயே பொருந்தும் பீப் சைட்டுகள் கிடைப்பதால் புதிதாக ஓட்டை போட வேண்டிய வேலையும் பல ரைபிள்களுக்கு இல்லை. முன்சைட் இல்லாத குழலென்றால் அதைப் பொருத்த மெக்கானிக் கூலி ஆகும். அந்தக் கூலியைச் சேர்த்துப் பார்த்தால் சிலசமயம் சைட்டோடு வரும் ரைபிளே மலிவு.

கேள்வி: கோவையிலிருந்து எழுதுகிறேன். இங்கே இப்படி வாங்க வழியுண்டா?

பதில்: வேட்டைக்கு வழியில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை மூடிவிட்டது. 1959 ஆயுதச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்றவர்கள், 2019 திருத்தத்துக்குப் பின் பொதுவாக இரண்டு துப்பாக்கி வரை வைத்துக்கொள்ளலாம். அரசுத் தொழிற்சாலை .315 ரைபிள் அயர்ன் சைட்டோடுதான் வருகிறது. உரிமம் எதற்கு என்று மனுவில் கேட்பார்கள், அங்கே வேட்டை என்று எழுதிவிடாதீர்கள்.